கடைசி மேஜை

தெற்கத்திச் சீமையில் ஒரு கல்லூரி. பெயர் வேண்டாமே! ‘மாணவர்களின் ஆராய்ச்சி மற்றும் படைப்புத்திறன் கண்காட்சி’ என்று அழைத்திருந்தார்கள். வாசலில் வாழைமரம், பன்னீர்ச் செம்பு, ரிப்பன், தட்டில் கத்தரிக்கோல். எல்லாம் சரியாகத்தான் இருந்தன. நேரம்தான் சரியில்லை. பத்து மணிக்கு ஆரம்பிக்க வேண்டிய விழா பன்னிரண்டரைக்கு ஆரம்பித்தது. வரவேற்புரை, வாழ்த்துரை, சிறப்புரை, பொன்னாடை என எல்லாம் முடிந்து கண்காட்சிக்குள் நுழைந்தபோது மணி இரண்டு. மொத்தம் 60 மேஜைகள். மூன்றாவது மேஜையில் நிற்கும்போதே ஒருவர் என் காதருகே வந்து, “சார்... சாப்பாடு ஆறிடும்” என்றார்.

சாப்பிட்டுவிட்டு, கை கழுவும் சாக்கில் நைஸாக நழுவித் திரும்ப உள்ளே போனேன். பாதி மேஜைகள் காலி. ஆனால், கடைசி மேஜையில் ஒரு பெண் மட்டும் நின்றுகொண்டிருந்தாள். முதுகலை வரலாறு படிக்கிறவள். அவள் ஊர்க் கண்மாய்க்கு வரத்துக்கால் எங்கேயிருந்து வருகிறது, எந்தெந்த மடைக்கு என்ன பெயர், எந்த மடை எந்த வருடம் தூர்ந்தது, கலுங்கு எங்கே இருந்தது என்று பழைய மடைக்குடும்பர்களைத் தேடித் தேடிக் கேட்டு, அளந்து, ஒரு வரைபடம் போட்டிருந்தாள். கேட்டவர்களில் இரண்டு பெரியவர்கள் இப்போது உயிரோடு இல்லையாம். அசந்துவிட்டேன். அந்தப் பெயர்கள் இனி அந்தத் தாளில் மட்டும்தான் இருக்கின்றன!

சார்ட்டை மறுபடி மேலிருந்து கீழே பார்த்தேன். உச்சியில் தாளாளரின் புகைப்படம். அதற்குக் கீழே முதல்வர் பெயர். அப்புறம் துறைத்தலைவர். அப்புறம் வழிகாட்டி. எல்லாவற்றுக்கும் அடியில், இடம் போதாமல், பென்சிலால் அவள் பெயர்.

“ஏம்மா, உன் பேரை ஏன் இவ்ளோ சின்னதா எழுதியிருக்கே?”

“ஸ்டூடண்ட்தானே சார்...” என்றாள்.

ஊர் திரும்புகிற வழியெல்லாம் அந்த ஒரு வார்த்தை என்னைப் படுத்தியது. ‘ஸ்டூடண்ட்தானே!’ சரித்திரத்தைக் கொஞ்சம் புரட்டினால், இந்த ‘தானே’வுக்குப் பின்னால் எத்தனை கதைகள்!

முதல் கதை நம்ம சென்னையிலிருந்தே ஆரம்பிக்கிறது.

மெரீனா கடற்கரைக்கு எதிரே மாநிலக் கல்லூரி. 1906-ம் வருடம். ஸ்பெக்ட்ரோமீட்டர் என்ற கருவியை வைத்து ஒரு பட்டகத்தின் கோணத்தை அளக்கிறார் ஒரு எம்.ஏ. மாணவர். எல்லா மாணவர்களும் செய்கிற வழக்கமான சோதனைதான். கோணத்தை அளந்தோமா, நோட்டில் எழுதினோமா, கையெழுத்து வாங்கினோமா, கேன்டீனுக்குப் போனோமா என்று மற்றவர்கள் இருக்க, இந்தப் பையன் மட்டும் அங்கேயே நின்றுவிட்டான். ஒளி சாய்வாக விழும்போது உண்டாகும் பட்டைகள் இரு பக்கமும் ஒரே மாதிரி இல்லை. ஏன்?

அந்த ‘ஏன்’ ஒரு கட்டுரையானது. எழுதித் தன் பேராசிரியரிடம் கொடுத்தார். மாதக்கணக்கில் அவரிடமிருந்து பதிலே இல்லை என்கிறார்கள் வாழ்க்கை வரலாறு எழுதியவர்கள். பையன் பொறுத்துப் பார்த்தார். பிறகு, நேரே லண்டனிலிருந்து வந்துகொண்டிருந்த ‘ஃபிலாசஃபிகல் மேகஸின்’ என்ற பெரிய அறிவியல் இதழுக்கே அனுப்பிவிட்டார். 1906 நவம்பர் இதழில் அச்சாகிவிட்டது! கட்டுரைக்கு ஒரே ஒரு பெயர்தான். சி.வி.ராமன், மாநிலக் கல்லூரி, மதராஸ். அந்த மாதம்தான் அவருக்கு 18 வயது நிறைந்தது.

இதற்குப் பிறகு நடந்தது ரொம்ப சுவாரஸ்யம். நோபல் பரிசு பெற்ற ஆங்கிலேய விஞ்ஞானி ரேலே பிரபுவுடன் ராமனுக்குக் கடிதப் போக்குவரத்து ஏற்பட்டது. அவர் எழுதிய கடிதத்தில் ‘பேராசிரியர் ராமன்’ என்று விளித்திருந்தாராம்! மதராஸில் இருக்கும் அந்தப் பேராசிரியர், தலைப்பாகை கட்டிய ஒல்லிப் பையன் என்று பிரபுவுக்கு எப்படித் தெரியும்? அச்சில் வயது தெரியாது. அதுதான் அந்தக் காகிதத்தின் மகிமை.

ராமன் கதை நமக்குத் தெரியும். ஆராய்ச்சியை நம்பிப் பிழைக்க வழி இல்லாத காலம் அது. நிதித்துறைத் தேர்வு எழுதி, 1907-ல் கல்கத்தாவுக்கு அதிகாரியாகப் போனார். பகலில் கணக்கு, மற்ற நேரத்தில் ஆய்வுக்கூடம். 1928 பிப்ரவரி 28-ல் ‘ராமன் விளைவு’. 1930-ல் நோபல் பரிசு.

ஆனால், அந்தக் கல்கத்தா ஆய்வுக்கூடத்தில் ராமனோடு இன்னொரு தமிழரும் இருந்தார். வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ்.கிருஷ்ணன். 1920-ல் ராமனிடம் கற்கப் போனவர். ஒளிச்சிதறலைத் திரவங்களில் ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்த்த அந்த நாட்களில் ராமனுக்குத் தோளோடு தோள் நின்றவர். கண்டுபிடிப்பை உலகுக்கு அறிவித்த ‘நேச்சர்’ இதழ்க் கட்டுரையில் இருவர் பெயரும் இருக்கிறது. நோபல் பரிசில் ஒரு பெயர்தான். ராமன் தன் நோபல் உரையில் கிருஷ்ணனைக் குறிப்பிட்டார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். கிருஷ்ணனும் சும்மா இருந்துவிடவில்லை. தனியாகப் பெரிய விஞ்ஞானியாக வளர்ந்து, டெல்லியில் தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநரானார். இருந்தாலும், ‘ராமன் விளைவு’ என்று பள்ளிக்கூடத்தில் படித்த நம்மில் எத்தனை பேருக்கு வத்திராயிருப்புக்காரரின் பெயர் தெரியும்?

மாணவனாக இருந்தபோது ஆசிரியருக்குக் காத்திராமல் தன் பெயரைத் தானே அச்சில் ஏற்றிக்கொண்டவர் ராமன். அவரே ஆசிரியரானபோது, பக்கத்தில் நின்றவரின் பெயரை உலகம் மறந்துபோனது. யாரையும் குற்றம் சொல்வதற்காக இதை எழுதவில்லை. பெயர் என்பது அப்படியொரு வழுக்குப் பாறை!

அடுத்த கதைக்கு இங்கிலாந்து போகவேண்டும்.

ஜோசலின் பெல் வடக்கு அயர்லாந்துப் பெண். 1943-ல் பிறந்தவர். 11 வயதில் எழுதும் முக்கியமான பள்ளித் தேர்வில் தோற்றவர். பிறகு கிளாஸ்கோவில் இயற்பியல் படித்து, 1965-ல் ஆராய்ச்சி மாணவியாகக் கேம்பிரிட்ஜுக்கு வந்தார். வந்ததிலிருந்து அவருக்கு ஒரே பயம். ‘என்னைத் தெரியாத்தனமாகச் சேர்த்துவிட்டார்கள். எப்படியும் கண்டுபிடித்து வெளியே அனுப்பிவிடுவார்கள். அதுவரைக்கும் ஒரு துரும்பைக்கூட விடாமல் வேலை பார்த்துவிடுவோம்!’ இதை அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். சரித்திரத்தைப் புரட்டிப் போட்டது அந்தப் பயம்தான் என்றால் நம்புவீர்களா?

அவருடைய வழிகாட்டி ஆண்டனி ஹியூவிஷ், ஒரு ரேடியோ தொலைநோக்கிக்குத் திட்டம் போட்டிருந்தார். தொலைநோக்கி என்றதும் குழாய், கண்ணாடி என்று நினைத்துவிடாதீர்கள். நாலரை ஏக்கர் வயல். அதில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கம்பங்கள். அவற்றை இணைத்து 120 மைல் நீளத்துக்கு ஒயர். பார்க்கிறவர்களுக்கு ஏதோ பந்தல்கால் நட்ட மாதிரி இருக்கும். இதைக் கட்டியது காண்ட்ராக்டர் இல்லை, மாணவர்கள்! பெரிய சம்மட்டியைத் தூக்கிக் கம்பம் அடித்தவர்களில் ஜோசலினும் ஒருவர். இரண்டு வருடம் ஓடியது.

1967 ஜூலையில் தொலைநோக்கி வேலை செய்ய ஆரம்பித்தது. வானத்திலிருந்து வரும் ரேடியோ அலைகளை ஒரு பேனா காகிதச் சுருளில் கோடாக வரைந்துகொண்டே போகும். ஒரு நாளைக்கு 96 அடிக் காகிதம். வானம் முழுவதையும் ஒரு சுற்றுப் பார்க்க நான்கு நாள். அதாவது, கிட்டத்தட்ட 400 அடி. இதைக் கம்ப்யூட்டருக்குக் கொடுக்கவில்லை. ஜோசலின் தன் கண்ணாலேயே அங்குலம் அங்குலமாகப் பார்த்தார்.

ஆகஸ்டில் ஒரு நாள். காகிதத்தில் ஏதோ கிறுக்கல். 400 அடியில் அரை அங்குலம்கூட இருக்காது. நட்சத்திரம் மாதிரியும் இல்லை, பக்கத்து ரோட்டில் போகும் வண்டியின் இடைஞ்சல் மாதிரியும் இல்லை. வேறு யாராவது இருந்தால், ‘போகட்டும் கழுதை’ என்று சுருளை நகர்த்தியிருப்பார்கள். ‘ஒரு துரும்பையும் விடக் கூடாது’ என்று பயந்துகொண்டிருந்த பெண் அல்லவா! ‘இதை எங்கேயோ பார்த்திருக்கிறேனே’ என்று பழைய சுருள்களைப் புரட்டினார். வானத்தின் அதே இடத்தில் அதே கிறுக்கல்!

ஹியூவிஷிடம் சொன்னார். வேகமாக ஓடும் காகிதத்தில் பதிவு செய்தால் கிறுக்கல் விரிந்து தெளிவாகத் தெரியும் என்று முடிவானது. வாரக்கணக்கில் தினமும் காத்திருந்தார்கள். கிறுக்கல் காணாமல் போய்விட்டது. நவம்பர் இறுதியில் அது திரும்பி வந்தபோது ஜோசலின் பார்த்தது... துடிப்பு. டப்... டப்... டப்... 1.33 விநாடிக்கு ஒன்று. நாடித்துடிப்பு மாதிரி, கொஞ்சமும் தவறாமல்.

போன் போட்டுச் சொன்னபோது, ‘இது மனுஷன் உண்டாக்கினதாத்தான் இருக்கும்’ என்பதே ஹியூவிஷின் முதல் பதில். நியாயமான சந்தேகம்தான். ஆனால், மனிதர்களின் நாள் 24 மணி நேரம். நட்சத்திரங்களின் நாளோ 23 மணி 56 நிமிடம். இந்தத் துடிப்பு நட்சத்திரக் கடிகாரப்படிதான் வந்துகொண்டிருந்தது. அப்படியானால்? வேற்று கிரகத்து ஆசாமிகள் யாராவது கூப்பிடுகிறார்களா? பாதி விளையாட்டாக அதற்கு ‘குட்டிப் பச்சை மனிதர்கள்’ என்றே பெயர் வைத்தார்கள்.

கிறிஸ்துமஸுக்கு முன்பு ஒருநாள், பெரியவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு, ‘இதை எப்படி வெளியில் சொல்வது?’ என்று பேசிக்கொண்டிருந்த அறைக்குள் ஜோசலின் தற்செயலாக நுழைந்தார். முடிவு ஏதும் எட்டப்படவில்லை. அவருக்கோ எரிச்சல். ‘நான் டாக்டர் பட்டம் வாங்கலாம் என்று கஷ்டப்படுகிறேன். இந்தப் பச்சை மனிதர்களுக்கு என் தொலைநோக்கிதான் கிடைத்ததா?’

அன்று இரவு மறுபடி காகிதச் சுருள்களோடு உட்கார்ந்தார். வானத்தின் இன்னொரு மூலையில் இன்னொரு கிறுக்கல்! அந்த இடம் தொலைநோக்கிக்கு மேலே வரும்போது நடுராத்திரி தாண்டிவிடும். டிசம்பர் குளிர். குளிரில் கருவி ஒழுங்காக ஓடாது. அந்தப் பெண் வயலுக்குப் போனார். கருவியின் சுவிட்சுகளைத் தட்டினார், திட்டினார், வாயால் சூடாக ஊதினார். ஐந்தே ஐந்து நிமிடம் அது ஒழுங்காக வேலை செய்தது. சரியாக அந்த ஐந்து நிமிடத்தில், டப்... டப்... டப். இந்த முறை 1.2 விநாடிக்கு ஒன்று. இரண்டு வேறு மூலைகளிலிருந்து இரண்டு கூட்டம் பச்சை மனிதர்கள் ஒரே நேரத்தில் பூமியைக் கூப்பிட மாட்டார்கள். ஆக, இது புதுவகை நட்சத்திரம்!

பின்னாளில் ‘பல்சார்’ என்று பெயர் பெற்ற அந்த நட்சத்திரங்களைப் பற்றிய கட்டுரை 1968 பிப்ரவரியில் வந்தது. ஐந்து பெயர்கள். முதல் பெயர் ஹியூவிஷ். இரண்டாவது ஜோசலின் பெல். பத்திரிகைக்காரர்கள் கேம்பிரிட்ஜுக்குப் படையெடுத்தார்கள். ஹியூவிஷிடம் விண்வெளியைப் பற்றிக் கேட்டார்கள். ஜோசலினிடம்? என்ன உயரம், இடுப்பளவு என்ன, ‘பாய் ஃபிரெண்ட்ஸ்’ எத்தனை பேர்! ஆய்வேட்டை எழுதி முடித்தபோது, பல்சார் சமாசாரத்தைப் பின்னிணைப்பில்தான் சேர்த்தார். ஏனென்றால், அவருக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு வேறு!

1974-ல் இயற்பியலுக்கான நோபல் பரிசு ஹியூவிஷுக்கும், மார்ட்டின் ரைல் என்ற இன்னொரு கேம்பிரிட்ஜ் வானியலாளருக்கும் கிடைத்தது. ஹியூவிஷுக்குக் கொடுத்ததன் காரணமாகப் பல்சார் கண்டுபிடிப்பையே சொன்னார்கள். ஜோசலின் பெயர் இல்லை. புகழ்பெற்ற விஞ்ஞானி ஃப்ரெட் ஹாயில் வெளிப்படையாகச் சண்டைக்கு வந்தார். ஆனால், ஜோசலின் சண்டை போடவில்லை. ‘திட்டம் தோற்றால் பழி வழிகாட்டிக்குத்தான் போகும். அதனால் ஜெயித்தாலும் அவருக்குத்தான் பெருமை. ஆராய்ச்சி மாணவர்களுக்கு நோபல் கொடுக்க ஆரம்பித்தால் அந்தப் பரிசின் மதிப்பே குறைந்துவிடும்’ என்கிற அர்த்தத்தில் 1977-ல் பேசினார். தொலைநோக்கியை வடிவமைத்தது ஹியூவிஷ்தான் என்பதும் உண்மை. ஆனாலும் எனக்கென்னவோ அந்தப் பேச்சைப் படித்தபோது, ‘ஸ்டூடண்ட்தானே சார்...’ என்ற குரல் கேட்டது.

இந்தக் கதைக்கு ஒரு குட்டிக் கிளைக்கதை உண்டு. கறுப்புப் பின்னணியில் மலைத்தொடர் மாதிரி வெள்ளைக் கோடுகள் அடுக்கடுக்காக இருக்கும் டி-ஷர்ட்டைப் பார்த்திருப்பீர்கள். 1979-ல் வந்த ‘ஜாய் டிவிஷன்’ என்ற இங்கிலாந்து ராக் குழுவின் ஆல்பம் அட்டை அது. அந்தக் கோடுகள் என்ன தெரியுமா? ஜோசலின் கண்டுபிடித்த அதே முதல் பல்சாரின் துடிப்புகள்! அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஹெரால்ட் கிராஃப்ட் என்ற மாணவர் 1970-ல் சமர்ப்பித்த டாக்டர் பட்ட ஆய்வேட்டில் போட்டிருந்த படம். அங்கிருந்து ஒரு வானியல் கலைக்களஞ்சியத்துக்குப் போய், அங்கிருந்து ஆல்பம் அட்டைக்குப் போய், உலகம் முழுக்க இளைஞர்களின் நெஞ்சில் ஏறிவிட்டது. கிராஃப்டுக்கே விஷயம் தெரியாது. யாரோ சொல்லி, கடைக்குப் போய்ப் பார்த்திருக்கிறார். ‘அட, என் படம்!’ காசு கொடுத்து ஒன்று வாங்கிக்கொண்டு வந்தார். அவ்வளவுதான்.

இப்போது மூன்றாவது கதை. இதில் பெயரே கிடையாது. வெறும் எண்தான். 1026.

வியட்நாம் போரிலிருந்து அமெரிக்க வீரர்கள் ஊர் திரும்பியபோது மாலை, மேளம் ஏதுமில்லை. தோற்ற போர், வெறுக்கப்பட்ட போர். செத்தவர்களைப் பற்றிப் பேசவே யாருக்கும் பிடிக்கவில்லை. அந்தப் போரில் காயம்பட்ட ஜான் ஸ்க்ரக்ஸ் என்ற சாதாரணச் சிப்பாய்க்கு மனசு ஆறவில்லை. ‘போர் சரியோ தப்போ, செத்த பசங்களோட பேரையாவது ஒரு இடத்துல எழுதி வைக்கணும்’ என்று 1979-ல் கிளம்பினார். அரசுப் பணம் வேண்டாம் என்று மக்களிடம் நன்கொடை திரட்டினார். வாஷிங்டனில், ஆபிரகாம் லிங்கன் நினைவகத்துக்குப் பக்கத்தில் இடம் கிடைத்தது.

நினைவுச்சின்னம் எப்படி இருக்கவேண்டும் என்று போட்டி அறிவித்தார்கள். சில முக்கிய நிபந்தனைகள். இறந்தவர்கள், காணாமல்போனவர்கள் அத்தனை பேரின் பெயரும் இருக்கவேண்டும். அரசியல் பேசக் கூடாது. சுற்றியிருக்கும் இடத்தோடு பொருந்தவேண்டும். அப்புறம், வரைபடத்தின் முகப்பில் அனுப்பியவர் பெயர் தெரியக் கூடாது. நம்ம பல்கலைக்கழக விடைத்தாளில் ‘டம்மி நம்பர்’ போடுவார்களே, அதே சங்கதி!

வந்து குவிந்தவை 1,421 வரைபடங்கள். ஒரு விமானக் கொட்டகையில் வரிசையாக மாட்டினார்கள். ஒரு மைல் தூரத்துக்கு மேல் நடந்து பார்க்கவேண்டியிருந்தது. நடுவர்கள் எட்டு பேர், எல்லோரும் பழம் தின்று கொட்டை போட்ட கட்டடக்கலை, சிற்ப, தோட்டக்கலை நிபுணர்கள். 1,421-ஐ 232 ஆக்கினார்கள். 232-ஐ 39 ஆக்கினார்கள். திரும்பத் திரும்ப எல்லோர் காலும் போய் நின்ற இடம் எண் 1026. பச்சை, நீல வண்ணத்தில் குழந்தை வரைந்தது போன்ற படம். நடுவில் கறுப்பாக ஒரு மடங்கிய கோடு. கூடவே கையால் எழுதிய விளக்கம். ‘இவ்வளவு வெகுளியாக ஒன்றைச் செய்யத் துணிகிற ஆள் விஷயம் தெரிந்த ஆளாகத்தான் இருக்கவேண்டும்’ என்று ஒரு நடுவர் வியந்தாராம். அவர் மனதில் இருந்தது ‘அவன்’தான்!

1981 மே மாதம் உறையைப் பிரித்தார்கள். மாயா லின். வயது 21. யேல் பல்கலைக்கழகத்தில் பட்டப்படிப்பு மாணவி. சீனாவிலிருந்து அமெரிக்காவுக்குக் குடிவந்த பெற்றோரின் மகள். வகுப்பில் உட்கார்ந்திருந்தபோது அறைத்தோழி ஓடிவந்து, ‘வாஷிங்டன்லேர்ந்து போன்’ என்று கூப்பிட்டாள்.

அந்த வரைபடம் ஒரு ‘ஹோம் ஒர்க்’ என்பதுதான் வேடிக்கை. கல்லறைகள், நினைவகங்கள் பற்றிய பாடத்துக்காகச் செய்தது. போட்டிக்கான இடத்தைப் போய்ப் பார்த்த மாயாவுக்கு, கத்தியை எடுத்து நிலத்தைக் கீறினால் எப்படி இருக்கும் என்று தோன்றியது. கீறல் காலப்போக்கில் ஆறும். புல் வளரும். ஆனால், வெட்டிய தடம் போகாது. திரும்பி வந்து சாப்பாட்டுக் கூடத்தில் மசித்த உருளைக்கிழங்கில் மாதிரி செய்து பார்த்தார். வகுப்பில் அதற்குக் கிடைத்த மதிப்பெண் ‘பி’. அதைவிட வேடிக்கை, ‘பி’ போட்ட பேராசிரியரும் அதே போட்டியில் கலந்துகொண்டு தோற்றுப்போனார்!

பெயர் தெரியாதவரை எல்லாம் நன்றாகத்தான் போனது. பெயர் தெரிந்ததும் ஆரம்பித்தது வினை. ‘வீரர் சிலை எங்கே, கொடி எங்கே? கறுப்பில் ஒரு பள்ளமா? இது அவமானத்தின் தழும்பு’ என்று முன்னாள் வீரர்களில் ஒரு பகுதியினரே கொதித்தார்கள். ஆசியாவில் செத்த பிள்ளைகளுக்கு ஆசிய முகமுள்ள பெண் நினைவகம் கட்டுவதா என்று முணுமுணுத்தார்கள். போட்டிக்குப் பணம் கொடுத்த கோடீஸ்வரர் ராஸ் பெரோவே எதிர் அணிக்குப் போனார். உள்துறைச் செயலர் ஜேம்ஸ் வாட் கட்டட அனுமதியை நிறுத்தி வைத்தார். கடைசியில் சமரசமாக, மூன்று வீரர்கள் நிற்கும் வழக்கமான வெண்கலச் சிலை ஒன்றைச் சற்றுத் தள்ளி வைக்க ஒப்புக்கொண்ட பிறகே வேலை நகர்ந்தது.

இன்னொரு சண்டையும் நடந்தது. பெயர்களை அகரவரிசையில் போட்டால் தேட வசதி என்றார்கள். மாயா மசியவில்லை. செத்த நாள் வரிசையில்தான் பெயர்கள் வரவேண்டும். ஒரே நாளில் பக்கத்தில் பக்கத்தில் விழுந்தவர்கள் சுவரிலும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கவேண்டும் என்றார். பட்டியலை எடுத்துப் பார்த்தால், ‘ஸ்மித்’ என்ற பெயரில் மட்டும் 600-க்கும் மேற்பட்டவர்கள்! அகரவரிசையில் போட்டிருந்தால் அது டெலிபோன் டைரக்டரி. யாருடைய பிள்ளை எந்த ஸ்மித் என்று எந்தத் தாய்க்குத் தெரியும்? மாணவி சொன்னதே நிலைத்தது.

பளபளப்பாக மெருகேற்றினால் கண்ணாடிபோல் முகம் தெரியவேண்டும். அப்படிப்பட்ட கறுப்புக் கல் வேண்டும். கனடாவிலும் ஸ்வீடனிலும் நல்ல கல் இருந்தது. ஆனால், போருக்குப் போக மறுத்த அமெரிக்க இளைஞர்கள் தஞ்சம் புகுந்த நாடுகள் அவை; வேண்டாம் என்றுவிட்டார்கள். பிறகு கல் எங்கிருந்து போனது தெரியுமா? பெங்களூரு பக்கத்திலிருந்து! நம்ம தக்காணத்துப் பாறைதான் கப்பலேறிப்போய், அமெரிக்காவில் அறுபட்டு, பெயர் பொறிக்கப்பட்டு அங்கே நிற்கிறது.

1982 நவம்பர் 13-ல் திறப்பு விழா. அப்போது சுவரில் 57,939 பெயர்கள். இப்போது 58,000-த்தைத் தாண்டிவிட்டன. திறந்த சில நாட்களிலேயே எதிர்த்தவர்களின் வாய் அடைத்துப்போனது. வயதான தாய்மார்கள் மகனின் பெயரை விரலால் தடவினார்கள். தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பெயரைப் பிரதி எடுத்துக்கொண்டார்கள். கரடிபொம்மை, பூட்ஸ், கடிதம், பிறந்த நாள் வாழ்த்து என்று சுவரடியில் வைத்துவிட்டுப் போனார்கள். இப்படி வைத்துப்போன பொருள்கள் லட்சக்கணக்கில் சேர்ந்து, அவற்றை அரசே பாதுகாத்துவருகிறது. பெயரைத் தேடிக் குனிபவருக்குப் பெயர்களின் நடுவே தன் முகமும் தெரியும். அந்த மாணவி நினைத்தது அதைத்தான்.

2016-ல் அமெரிக்காவின் மிக உயர்ந்த சிவிலியன் விருதை மாயா லின்னுக்கு ஒபாமா அணிவித்தார். அதெல்லாம் பிறகு. என் கேள்வி வேறு. வரைபடத்தில் எண்ணுக்குப் பதிலாக, ‘மாயா லின், பட்டப்படிப்பு மாணவி’ என்று எழுதியிருந்தால் அந்த எட்டுப் பெரியவர்களின் கால் அதன் முன்னால் நின்றிருக்குமா? இந்தக் கேள்விக்கு மாயாவே பலமுறை பதில் சொல்லியிருக்கிறார். பெயரோடு போயிருந்தால் ஜெயித்திருக்க முடியாது என்பதே அவர் எண்ணம்.

யோசித்துப் பார்த்தால், மூன்று கதைகளும் ஒரே விஷயத்தைத்தான் சொல்கின்றன. எடைபோடும்போது பெயரை மறை. அது மாணவனா, பெண்ணா, எந்த ஊர், எந்த முகம் என்று பார்க்காதே. ராமனை ரேலே ‘பேராசிரியர்’ என்றது அதனால்தான். 1026 ஜெயித்ததும் அதனால்தான். ஆனால், எடைபோட்டு முடிந்த பிறகு பெயரைப் பெரிதாக எழுது! அந்த இரண்டாவது பாதியில்தான் உலகம் கோட்டைவிடுகிறது. கிருஷ்ணனுக்கும், ஜோசலினுக்கும், கிராஃப்டுக்கும் நடந்தது அதுதான்.

நம்மூரிலோ பல நேரங்களில் இது தலைகீழ். தேர்வு செய்யும்போது யார் வீட்டுப் பிள்ளை, எந்த கைடின் மாணவர் என்று பெயரைத் துருவுகிறோம். வேலை முடிந்ததும் அந்தப் பெயரையே அழித்துவிடுகிறோம்.

ஜோசலின் பெல் கதைக்கு ஒரு முடிவுரை பாக்கி இருக்கிறது. 2018-ல் அவருக்கு ‘பிரேக்த்ரூ’ சிறப்புப் பரிசு கிடைத்தது. 30 லட்சம் டாலர்! நோபல் பரிசுத் தொகையைவிட மிகவும் பெரியது. ஐம்பது வருடம் கழித்து வந்த மரியாதை. அந்தப் பாட்டி ஒரு பைசாகூட வைத்துக்கொள்ளவில்லை. பெண்கள், சிறுபான்மையினர், அகதிகள் போன்றவர்கள் இயற்பியலில் ஆராய்ச்சி மாணவர்களாகச் சேர உதவித்தொகையாக அத்தனையையும் கொடுத்துவிட்டார். தன்னைப் போல, ‘நம்மைத் தெரியாமல் சேர்த்துவிட்டார்கள்’ என்று பயந்துகொண்டு உள்ளே வரும் பிள்ளைகள்தான் மற்றவர்கள் விட்டுவிடும் கிறுக்கலைப் பார்ப்பார்கள் என்று அவருக்குத் தெரியும்.

அந்தக் கண்மாய்ப் பெண்ணிடம் அன்றைக்கு என் பேனாவைக் கொடுத்தேன். பென்சிலில் எழுதியதன் மேலேயே இங்கில் எழுதச் சொன்னேன். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு எழுதினாள். எழுதி முடித்துவிட்டு என்ன நினைத்தாளோ, அதற்குக் கீழே இன்னும் இரண்டு பெயர்களைச் சேர்த்தாள்.

“இவங்க யாரும்மா?”

“மடை பேரெல்லாம் சொன்னாங்கல்ல சார்... அந்தத் தாத்தாங்க.”